பழைய கல்லறைத் தோட்டத்தில் உயிர்களைத் தேடுவது எப்படி

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே ஒரு கல்லறையைத் தேர்ந்தெடுங்கள். நூறு வயதாவது ஆன கல்லாக இருக்கட்டும். அதன் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். தோட்டம் முழுவதையும் சுற்றிவர ஆசைப்பட வேண்டாம். சுற்றினால் பெரிய மரங்களும் நாலைந்து பறவைகளும் கண்ணில் படும். "அமைதியான இடம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவோம். இங்குள்ள உயிர்களில் பெரும்பங்கு முழங்காலுக்குக் கீழேதான் இருக்கிறது. குனிந்தால்தான் தெரியும்.

நான் பள்ளியில் தாவரவியல் நடத்தியவள். பாடப்புத்தகத்தில் லைக்கனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். பாசியும் பூஞ்சையும் கூடி வாழும் உயிர் என்று எழுதிப்போட்டு, படம் வரையச் சொல்லி, மதிப்பெண் போட்டு முடித்துவிடுவோம். அதைப் பிள்ளைகளுக்கு உயிரோடு காட்ட ஓர் இடம் தேடியபோதுதான் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும், பழைய தேவாலயமோ பழைய மையவாடியோ இடுகாடோ எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.

இந்த இடங்களுக்கு அப்படியென்ன மதிப்பு? சுற்றுச்சுவருக்கு வெளியே உள்ள நிலத்தை உழுதிருப்பார்கள், உரம் போட்டிருப்பார்கள், வீடு கட்டியிருப்பார்கள். உள்ளே அது எதுவும் நடக்கவில்லை. குழி தோண்டுகிறார்களே என்று கேட்கலாம். ஒருமுறை மூடிய குழியைப் பல தலைமுறைக்கு யாரும் தொடுவதில்லை. இரண்டு குழிகளுக்கு நடுவிலுள்ள மண்ணை அதற்கு முன்பும் யாரும் தொட்டதில்லை. அமெரிக்காவின் இல்லினாய், அயோவா மாநிலங்களில் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பிரெய்ரி புல்வெளி இருந்தது. 1837இல் ஜான் டீர் எஃகு ஏரைச் செய்த பிறகு அந்தக் கறுப்பு மண் சில பத்தாண்டுகளில் மக்காச்சோள வயலாகிப் போனது. இன்று அங்கே மூலப் புல்வெளியைப் பார்க்க வேண்டுமானால் ரயில் பாதை ஓரங்களுக்கும் முதல் குடியேறிகளின் கல்லறைத் தோட்டங்களுக்கும்தான் போக வேண்டும். அயோவாவின் ராச்செஸ்டர் கல்லறைத் தோட்டம் வெறும் 13 ஏக்கர்தான். அதற்குள் நூற்றுக்கணக்கான தாவர இனங்கள் பிழைத்திருக்கின்றன. துருக்கியில் காட்டு ஆர்க்கிட்களுக்கு மையவாடிகள் அடைக்கலம் கொடுக்கின்றன. ஆகவே உள்ளே காலடி வைக்கும்போது, சுவருக்கு வெளியே அழிந்துபோன ஒன்றின் மிச்சத்தைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்போடு போங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் கட்டாயம் வேண்டும். கேமரா இல்லாவிட்டால் பரவாயில்லை, லென்ஸ் இல்லாமல் போகாதீர்கள். அதைக் கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கல்லுக்கு அருகே கொண்டுபோக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் லென்ஸைக் கல்லின் மேல் பிடித்துத் தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். அப்படி ஒன்றும் தெரியாது.

இவற்றோடு தண்ணீர் தெளிக்க ஒரு சின்ன ஸ்பிரே பாட்டில், தையல்காரர் நாடா, உள்ளங்கை அளவுக் கண்ணாடி, நோட்டு, பென்சில். மண்டியிட ஒரு ரப்பர் விரிப்பு வைத்திருக்கிறேன். முழங்கால் வலித்தால் கண் சீக்கிரம் எழுந்துகொள்ளும்.

நுழையும் முன்

வாசலில் பொறுப்பாளர் இருந்தால் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லி அனுமதி வாங்குங்கள். அடக்கம் நடந்துகொண்டிருந்தால் அன்று திரும்பிவிடுங்கள். கல்லறைக்கு யாராவது வந்திருந்தால், அவர்கள் போகும்வரை அந்தப் பக்கம் லென்ஸோடு குனிய வேண்டாம். மேட்டின் மேல் மிதிக்காமல் ஓரமாக நடக்க வேண்டும்.

இன்னொன்று உயிர்காக்கும் விஷயம். பழைய கல்லறைக் கற்கள் பார்க்கத்தான் உறுதி. அடியில் மண் தளர்ந்து, ஆப்பு துருப்பிடித்து நிற்கும். சாய்ந்து விழுந்தால் அதன் எடையில் ஆள் பிழைப்பது கடினம், குழந்தைகள் விஷயத்தில் இது நடந்தும் இருக்கிறது. எழுந்திருக்கும்போது கல்லைப் பிடித்து எழாதீர்கள். உடைந்த மூடிகளின் அருகே தரை உள்வாங்கும். கல்லிடுக்கில் கைவிட வேண்டாம். பாம்பும் குளவியும் அந்த இடத்துக்கு உங்களுக்கு முன்பே வந்தவை.

கல்லை வாசித்தல்

இனி உங்கள் கல்லுக்கு வருவோம். முதலில் அதிலுள்ள ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து மங்கியிருந்தால் சுண்ணாம்புத் தூளோ ஷேவிங் நுரையோ தேய்க்க வேண்டாம். இரண்டும் கல்லுக்கும் கேடு, அதன் மேல் வாழ்வதற்கும் கேடு. கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து வெயிலைக் கல்லின் மேல் சாய்வாக அடியுங்கள். ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழும். வெறும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்த கல்லில் பெயர், வயது, ஆண்டு எல்லாம் எழுந்து வரும்.

ஆண்டு ஏன் முக்கியம் என்றால், காட்டுப் பாறைக்கு வயது எழுதியிருக்காது. கல்லறைக் கல்லில் எழுதியிருக்கிறது. அது செதுக்கப்பட்ட நாளில் அதன் மேல் எந்த உயிரும் இல்லை. இன்று இருப்பதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. ஆஸ்திரியத் தாவரவியலாளர் ரோலண்ட் பெஷல் 1950 வாக்கில் இதைப் பிடித்துக்கொண்டார். லைக்கன் வட்டத்தின் அளவை வைத்து, பனியாறு பின்வாங்கி விட்டுப்போன பாறைகளின் வயதைக் கணக்கிடும் முறையை உருவாக்கினார். அந்த முறைக்கு அளவுகோல் வேண்டுமே? ஆண்டு பொறித்த கல்லறைக் கற்கள்தான் பல இடங்களில் அந்த அளவுகோலாயின.

நீங்களும் செய்யலாம். 1902 என்று பொறித்த கல்லில் மிகப் பெரிய வட்டம் 60 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து விளிம்புக்கு 30 மில்லிமீட்டர். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 30 என்றால் ஆண்டுக்குக் கால் மில்லிமீட்டர். இது குறைந்தபட்சக் கணக்கு. கல் நட்டவுடன் லைக்கன் வந்து குடியேறியிருக்காது. பின்னாளில் நட்ட கல், இடையில் ஒருமுறை தேய்த்துக் கழுவிய கல், பிறகு வேறொரு பெயரைச் சேர்த்த கல் ஆகியவை கணக்கைக் குழப்பும். அதனால் ஒரே வகைக் கல்லில், ஒரே இன லைக்கனை, வெவ்வேறு ஆண்டுக் கற்களில் அளந்து பாருங்கள். கல்லின் வயது ஏற ஏற வட்டமும் விரிவதை நாடா காட்டும்.

இப்போது லென்ஸ். காய்ந்துபோன சாம்பல் நிறத் திட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கல் கறைபட்டிருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். விளிம்பைப் பாருங்கள், கல்லோடு ஒட்டிய மெல்லிய மடல்கள். நடுவில் விளிம்பு வைத்த தட்டுகள் போலச் சிறு சிறு வட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றும் குண்டூசித் தலையைவிடச் சிறிது. பூஞ்சை தன் வித்துகளை உண்டாக்கும் இடம் அது. இனி ஒரே ஒரு தடவை தண்ணீரைத் தெளியுங்கள். லென்ஸை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருங்கள். சாம்பல் நிறம் கரைந்து உள்ளிருந்து பச்சை ஏறும். மேல்தோல் நனைந்து கண்ணாடிபோல் தெளிவதால், அதுவரை மறைந்திருந்த பாசிச் செல்கள் தெரிகின்றன. அந்த நேரத்தில் அது ஒளிச்சேர்க்கையையும் தொடங்கிவிடுகிறது. என் மாணவர்களில் ஒருத்தி, இந்த நிற மாற்றத்தைப் பார்த்த பிறகு, அதுவரை சாய்ந்திருந்த கல்லிலிருந்து தானாகவே விலகி நின்றாள். யாரும் சொல்லவில்லை.

ஒரே கல்லின் நாலு பக்கமும் நாலு ஊர். வெயில் பக்கத்தில் ஒரு கூட்டம், நிழல் பக்கத்தில் வேறு. உச்சியில், பறவை வந்து உட்காரும் சிலுவை முனையில், மஞ்சளும் ஆரஞ்சுமாகப் படர்ந்திருப்பது பெரும்பாலும் சான்தோரியா போன்ற இனங்கள்; எச்சத்திலுள்ள நைட்ரஜன் அவற்றுக்குப் பிடிக்கும். வெண்கலத் தகடு பதித்திருந்தால் அதன் கீழே மழைநீர் வழிந்த தடம் மட்டும் துடைத்ததுபோல் வெறுமையாக இருக்கும். கரைந்து இறங்கும் செம்பு லைக்கனுக்கு நஞ்சு. கல்லின் வகையும் முக்கியம். சுண்ணாம்புக் கல்லிலும் சிமெண்டிலும் ஆரஞ்சு நிறக் கலோப்லகா வகைகள் வரும். கருங்கல்லில் மஞ்சள்பச்சைத் திட்டும் நடுவே கறுப்புக் கோடுமாகத் தெரிவது ரைசோகார்ப்பன். இரண்டு கல்லையும் பிரித்தறிய வினிகர் ஊற்றிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கல்லறையில் அதைச் செய்யவே கூடாது.

பிரிட்டனில் பதிவான சுமார் 2,000 லைக்கன் இனங்களில் மூன்றில் ஒரு பங்கு தேவாலய வளாகங்களில் கிடைத்திருக்கிறது. பாறையே இல்லாத சமவெளிகளில் அவற்றுக்குக் கிடைத்த பாறை கல்லறைக் கல்தான்.

நகரத்துக் கல்லில் லைக்கன் அரிதாக இருந்தால் காற்றைச் சந்தேகியுங்கள். பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்தில் லைக்கன்கள் மற்ற இடங்களைவிட நன்றாக வாழ்வதை பின்லாந்துத் தாவரவியலாளர் வில்லியம் நைலாண்டர் 1866இல் கவனித்து, காற்றின் தரத்தோடு அதைச் சேர்த்துப் பார்த்தார். நிலக்கரிப் புகையின் கந்தக டை ஆக்சைடு பல நகரங்களில் லைக்கன்களைத் துடைத்தெடுத்தது; புகை குறைந்த பிறகு திரும்பி வந்திருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் 1850ஆம் ஆண்டுக் கல்லிலும் நேற்று வந்த சின்ன வட்டங்கள்தான் இருக்கும்.

கல்லின் அடியில்

மழை விழாத இடத்தைத் தேடுங்கள். மேசைபோல் கட்டிய கல்லறையின் பலகைக்குக் கீழே, சுவர் ஓரத்தில், மண் புழுதியாகக் கிடக்கும். அதில் சிறு சிறு கூம்புக் குழிகள் இருந்தால் குழிநரி என்ற பூச்சிப்புழுவின் வீடு. புல்நுனியால் குழியின் சரிவில் நாலு மணல்துகளை மெல்லத் தள்ளுங்கள். அடியிலிருந்து அது மண்ணை வீசி அடிக்கும். ஒரு தடவை பார்த்தால் போதும், பசியோடு காத்திருக்கும் உயிரை வீணாக அலைக்கழிக்க வேண்டாம். அதுவே பிறகு தும்பிபோன்ற சிறகுகளோடு பறக்கும்.

நிழலில் பச்சைப் படலம் படிந்த கல்லில், வளைந்து வளைந்து போகும் சுரண்டல் கோடுகளைக் காண்பீர்கள். இரவில் நத்தை மேய்ந்த தடம் அது. அதே கல்லில் அரிசி அளவுக் கூடு ஒன்று நகர்ந்தால் லைக்கன் தின்னும் கூட்டுப்புழு. தின்கிற லைக்கனின் துகள்களையே கூட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதால் அசையும்வரை கண்டுபிடிக்க முடியாது.

மெத்தைபோல் படரும் பாசி (மாஸ்) விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி கேளுங்கள், கல்லிலிருந்து அல்ல, நடைபாதையில் உதிர்ந்து கிடப்பதில் கட்டைவிரல் நகமளவு. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, மறுநாள் பிழிந்து, பிழிந்த நீரை நாற்பது மடங்கு நுண்ணோக்கியில் பாருங்கள். எட்டுக் காலோடு தத்தித் தத்தி நடக்கும் நீர்க்கரடி கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். பாசி காய்ந்தால் தானும் சுருண்டு காய்ந்து, நனைந்ததும் எழுந்து நடக்கும்.

புல்லும் மரமும்

புல்தரையின் வயதை அறிய ஒரு கயிறு போதும். அரை மீட்டர் சதுரமாகப் போட்டு, உள்ளே எத்தனை வடிவ இலைகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை. பல வடிவங்கள் குட்டையாக, நெருக்கமாக இருந்தால் உரம் படாத பழைய மண். ஒரே தடித்த புல் இடுப்புயரம் நின்றால் அந்த இடத்தில் சத்து சேர்ந்திருக்கிறது. வாடிய மலர் வளையங்களைக் கொட்டும் மூலையில் இதைக் காணலாம். குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில் சிவப்பும் மஞ்சளுமாக மெழுகுப் பளபளப்போடு ஹைக்ரோசைபி காளான்கள் முளைத்தால், அந்தப் புல்தரை வெகுகாலம் கலைக்கப்படாதது என்று துணிந்து எழுதிக்கொள்ளலாம்.

பூச்செடிகளில் தானாக வந்தது எது, நட்டது எது என்று பிரியுங்கள். அரேபியத் தீபகற்பத்தின் வெள்ளை ஐரிஸான ஐரிஸ் அல்பிகன்ஸ் விதை வைப்பதில்லை. கிழங்கைப் பிரித்து நட்டால்தான் பரவும். மத்தியதரைக் கடல் நாடுகள் வரை பல மையவாடிகளில் அது பூக்கிறது. ஒவ்வொரு கொத்தையும் யாரோ ஒருவர் தன் கையால் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

மரங்களில் ஸ்காட்லாந்தின் ஃபார்ட்டிங்கல் தேவாலய வளாகத்து யூ மரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. வயது 2,000 முதல் 3,000 ஆண்டு இருக்கலாம் என்கிறார்கள், அதற்கு மேலும் மதிப்பிடுவோர் உண்டு. ஆண் மரமாகவே அறியப்பட்ட அது, 2015இல் ஒரு கிளையில் மட்டும் சிவந்த பழம் வைத்தது. அந்தக் கிளையை யாரோ உற்றுப் பார்த்ததால்தான் உலகுக்குத் தெரிந்தது. யூ மரத்தின் இலையும் விதையும் கொடிய விஷம், குழந்தைகளைத் தொடவிட வேண்டாம்.

பறவை, விலங்குகளுக்கு விடியலும் அந்தியும்தான் நேரம். கோபுரத்தில் கூகை இருந்தால் கீழே அது கக்கிய உருண்டைகள் கிடக்கும். கையுறை போட்டுப் பிரித்தால் எலி, மூஞ்சூறு எலும்புகள் முழுசாகக் கிடைக்கும். கூட்டுப் பக்கம் ஏறாதீர்கள். வௌவால் தங்கும் கல்லறை அறைகளுக்குள் டார்ச் அடிக்கக் கூடாது. பல நாடுகளில் அது சட்டப்படியும் குற்றம். வியன்னாவில் 1874இல் திறந்த மத்தியக் கல்லறைத் தோட்டத்தில், அருகிவரும் ஐரோப்பிய ஹாம்ஸ்டர்கள் என்ற எலிபோன்ற விலங்குகள் கல்லறை விளக்குகளின் மெழுகைத் தின்கின்றன. 2020இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் மிக அபாய நிலைக்குத் தள்ளப்பட்ட விலங்கு அது.

தேய்க்காதீர்கள்

என் அம்மாவின் கல்லிலும் லைக்கன் வந்துவிட்டது. தாய்மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா, அக்கா கல்லு இப்படிப் பாசி புடிச்சுக் கெடக்கு? ஒரு வாளித் தண்ணியும் கம்பி பிரஷும் குடு, அரை மணியில பளிச்சுன்னு ஆக்கிடறேன்" என்றார். கவனிக்க ஆளில்லாத கல் என்று நாலு பேர் நினைத்துவிடுவார்களே என்பது அவர் கவலை. நான் லென்ஸைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "எழுத்த மட்டுமாவது விட்டு வைக்குமா இது?" என்று கேட்டார். எழுத்துகளை மட்டும் நல்ல தண்ணீரும் மெல்லிய பிரஷும் கொண்டு இருவரும் துடைத்தோம். மற்றதை அப்படியே விட்டோம்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும், அதனால் சொல்கிறேன். சில லைக்கன்கள் சுண்ணாம்புக் கல்லுக்குள் நூலளவு இறங்குவது உண்மை. ஆனால் கம்பி பிரஷும் அழுத்த நீர்ப் பீச்சியும் ஒரே நாளில் அதைவிட அதிகம் சுரண்டிவிடும். பிளீச்சிங் திரவமும் களைக்கொல்லியும் விட்டுப்போகும் உப்பு கல்லுக்குள் படிந்து, அதைச் செதில் செதிலாக உரிக்கும். ஐவி போன்ற கொடிகளையும் இழுத்துப் பிய்க்க வேண்டாம். அடியில் வெட்டிவிட்டு, காய்ந்து பிடி தளர்ந்த பிறகு எடுத்தால் கல்லின் முகம் பெயராது.

பராமரிப்பவரோடு பேசுதல்

புல் வெட்டவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வெட்டாவிட்டால் சில ஆண்டுகளில் புதர் ஏறி, பூக்கும் சிறு செடிகள் நிழலில் மடியும். எப்போது, எப்படி என்பதுதான் கேள்வி. பூத்து விதை உதிர்ந்த பிறகு வெட்ட வேண்டும். வெட்டிய புல்லை ஓரிரு நாள் அங்கேயே கிடத்தினால் மிச்ச விதையும் உதிரும். பிறகு கட்டாயம் வாரி எடுத்துவிட வேண்டும். விட்டால் மக்கி உரமாகி, தடித்த புல்லுக்கே தீனியாகும். வாரியதை ஒரு மூலையில் குவித்தால் அரணைக்கும் பூச்சிகளுக்கும் வீடு. நைலான் கம்பி சுழலும் வெட்டி கல்லில் பட்டால் லைக்கனோடு கல்லும் பெயரும், அதனால் கல்லை ஒட்டி ஒரு சாண் அகலம் கைக்கத்திரியால் வெட்டச் சொல்லுங்கள்.

"பராமரிப்பே இல்லை" என்ற புகார் வரும் என்று பொறுப்பாளர் அஞ்சுவார். அது நியாயமான அச்சம். நடைபாதைகளையும் ஆட்கள் வந்துபோகும் புதிய கல்லறைகளையும் ஒழுங்காக வெட்டி வைத்து, பழைய பகுதியை மட்டும் வளரவிட்டால் யாரும் குறை சொல்வதில்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள் என்பது பார்த்தாலே புரியும்.

வெறுங்கையோடு போய்ப் பேசாதீர்கள். தோட்டத்தின் வரைபடம் ஒன்றை வரைந்து, எந்த மூலையில் என்ன பூக்கிறது, எந்த மாதம் விதை உதிர்கிறது, எந்தச் சுவர் வெடிப்பில் தேனீ கூடு வைத்திருக்கிறது என்று குறித்துக் கொடுங்கள். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் பெயர் கண்டுபிடிக்க உதவி கிடைக்கும். அரிய ஆர்க்கிட் என்றால் இடத்தை மறைத்துப் பதிவிடும் வசதியைப் பயன்படுத்துங்கள்; சாலேப் என்னும் ஆர்க்கிட் கிழங்கு மாவுக்காகத் தோண்டுகிறவர்கள் துருக்கியின் மையவாடிகளையும் விட்டுவைக்கவில்லை. வரைபடத்தின் ஒரு நகலைப் புல் வெட்டுகிறவர் கையிலேயே கொடுத்து, அடுத்து எப்போது வெட்ட வருகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அன்று நீங்களும் ஒரு வாருகோலோடு போங்கள்.